அணைத்த ரெகுலேட்டர் நிஜமாகவே அணைந்ததா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பேட்டரியில் ஓடும் கருவிகளைப் பற்றி எழுதியதிலிருந்து, மைக்ரோகன்ட்ரோலரால் (ஆர்டுயினோ, இஎஸ்பி32 மாதிரி புரோகிராம் ஏற்றி ஓட்டும் சிப்) ரெகுலேட்டரை (வோல்ட்டேஜை ஒரே அளவில் பிடித்து வைக்கும் ஐசி) ஆன் ஆஃப் செய்வது எப்படி என்று கேட்டு நிறைய கடிதங்கள். எல்லாமே யாரோ ஒருவர் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்து மல்லுக்கட்டியதிலிருந்து பிறந்த கேள்விகள். அதனால் இந்த முறை மற்றதை ஒதுக்கிவிட்டு முழு இடத்தையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

சார், கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு கருவி செய்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரி, சோலார் சார்ஜர். சென்சாருக்கும் ரேடியோ மாட்யூலுக்கும் 7805 ரெகுலேட்டர் மூலமாக 5 வோல்ட் போகிறது. அரை மணிக்கு ஒருமுறை சில நொடிகள் 7805 ஓடினால் போதும். அதன் கிரவுண்டு காலில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வைத்து ஆர்டுயினோவால் துண்டித்துவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– ஒரு வாசகர், தேனி

செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், முதலில் சென்சாரைக் கழற்றிவிட்டு வெளியீட்டில் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

7805 தன் வெளியீட்டை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பது கிரவுண்டு காலை ஆதாரமாக வைத்துத்தான். அந்தக் காலைத் துண்டித்தால் எதிலிருந்து 5 என்று அதற்குத் தெரியாது, உள்ளே இருக்கும் பெரிய டிரான்சிஸ்டர் திறந்துகொண்டு வருகிற வோல்ட்டேஜை ஏறக்குறைய அப்படியே வெளியே தள்ளும். இதை என் மேஜையில் வேண்டுமென்றே செய்து பார்த்தேன்: 12 வோல்ட் கொடுத்து, கிரவுண்டு வயரை மட்டும் பிரெட்போர்டிலிருந்து உருவினேன், 5.02 என்று நின்றிருந்த மீட்டர் சட்டென்று 10-ஐத் தாண்டிப் போய் நின்றது. ஆஃப் செய்வதாக நினைத்துக்கொண்டு 5 வோல்ட் சென்சாரின் தலையில் இரண்டு மடங்கை இறக்கியிருப்பீர்கள்.

மூன்று கால் ரெகுலேட்டரில் சுவிட்ச்சுக்கென்று தனிக் கால் கிடையாது. அதனால் கதவை அதற்கு முன்னால், பேட்டரி பிளஸ் வருகிற வழியில் போட வேண்டும். அதற்கு பி-சானல் மாஸ்பெட், அதாவது கேட் என்ற காலில் வரும் வோல்ட்டேஜை வைத்து சோர்ஸ், டிரெயின் என்ற மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே வழியைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர். ஐஆர்எஃப்9540 எந்தக் கடையிலும் கிடைக்கும், அதையே போடுங்கள். சோர்ஸ் பேட்டரி பக்கம், டிரெயின் 7805-ன் உள்ளீட்டுப் பக்கம். இதை மாற்றிப் போட்டவர்கள் நிறையப் பேர்; மாற்றிப் போட்டால் மாஸ்பெட்டுக்குள்ளேயே இருக்கிற டையோடு வழியாகக் கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், கேட்டில் என்ன செய்தாலும் ஆஃப் ஆகாது.

கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 100 கிலோஓம். கேட்டிலிருந்து 47 கிலோஓம் வழியாக ஒரு பிசி547-ன் கலெக்டர், எமிட்டர் கிரவுண்டுக்கு. பேஸுக்கு ஆர்டுயினோவிலிருந்து 10 கிலோஓம். அப்புறம் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 100 கிலோஓம். இந்தக் கடைசி ரெசிஸ்டரைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அதுதான். ஆர்டுயினோ ரீசெட் ஆகி பூட்லோடர் (நம் புரோகிராமுக்கு முன்னால் ஓடும் சின்ன புரோகிராம்) ஓடுகிற நேரத்தில் அதன் பின்கள் எல்லாம் இன்புட்டாக, யாரும் பிடிக்காத கயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் 7805 ஆனா ஆஃபா என்பதைத் தீர்மானிப்பது புரோகிராம் இல்லை, இந்த ரெசிஸ்டர். சர்க்யூட் வரைவதற்கு முன்பே "யாரும் பிடிக்காதபோது இது எந்த நிலையில் இருக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டு, பதிலை ரெசிஸ்டராகப் போட்டுவிட வேண்டும்.

பிசி547 எதற்கு, ஆர்டுயினோ பின்னை நேராகக் கேட்டில் கொடுத்தால் என்ன? சோர்ஸ் 12 வோல்ட்டில் இருக்கிறது, உங்கள் பின் ஏறினால் 5 வரைதான். மீதி 7 வோல்ட் வித்தியாசத்தில் மாஸ்பெட் ஆனாகவே இருக்கும். 100 மற்றும் 47 என்று பிரித்ததற்கும் காரணம் இருக்கிறது. சோலாரில் சார்ஜ் ஆகும்போது அந்தப் பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும். ஏஓ3401 மாதிரி சின்ன மாஸ்பெட்களின் கேட் 12 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இப்படிப் பிரித்தால் 14.4-லும் கேட்டுக்கு 10 வோல்ட்டுக்குள்தான் போகும், நாளைக்கு அப்படிப்பட்ட சின்ன மாஸ்பெட்டை மாற்றினாலும் பயமில்லை.

ஆர்டுயினோ எங்கிருந்து மின்சாரம் எடுக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதே 7805-லிருந்து என்றால் அது அணைக்கிற நொடியிலேயே தானும் அணைந்துவிடும். அதற்குத் தனியாக, எப்போதும் ஓடுகிற, தான் குடிப்பது கொஞ்சமாக இருக்கிற ஒரு ரெகுலேட்டர் வேண்டும். எச்டி7550 அப்படிப்பட்டது, 24 வோல்ட் வரை தாங்கும், தனக்கென்று சில மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும். 7805 சும்மா நிற்பதற்கே 5 மில்லிஆம்பியர் கேட்கும். ஊனோ போர்டை அப்படியே வைக்காமல் ஏடிமெகா328பி ஐசியை மட்டும் எடுத்து வைத்தால் உறக்கத்தில் அதுவும் சில மைக்ரோஆம்பியரோடு நின்றுவிடும்.

அண்ணா, டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எல்எம்2596 மாட்யூலை (12 வோல்ட்டை 5 ஆக இறக்கும் கன்வர்ட்டர்) இஎஸ்பி32-ஆல் கட்டுப்படுத்த, ஐசியின் 5-ஆவது காலில் ஒரு வயரை சால்டர் செய்து 25-ஆம் பின்னில் கொடுத்தேன். ஹை (3.3 வோல்ட்) கொடுத்தாலும் லோ (பூஜ்யம்) கொடுத்தாலும் 5 வோல்ட் வந்துகொண்டேதான் இருக்கிறது. மாட்யூல் போலியா?
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, மாட்யூலைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் மீட்டரை கன்டின்யூட்டியில் வைத்து, அந்த 5-ஆவது காலுக்கும் 3-ஆவது காலுக்கும் நடுவே பாருங்கள். பீப் அடிக்கும். சின்ன நீல போர்டுகளில் அந்தக் காலை கிரவுண்டோடு சேர்த்தே அச்சடித்துவிடுகிறார்கள். நீங்கள் ஹை கொடுத்தபோதெல்லாம் இஎஸ்பி32-ன் பின்னை நேராக கிரவுண்டில் ஷார்ட் செய்திருக்கிறீர்கள். அந்தப் பின் இன்னும் பிழைத்திருக்கிறதா என்று ஒரு எல்இடி வைத்துச் சோதித்துவிடுங்கள்.

காலைத் தூக்க வேண்டும். மெல்லிய பிளேடு நுனியை காலுக்கும் போர்டுக்கும் நடுவே லேசாக நுழைத்து வைத்துக்கொண்டு, அயர்னை அந்தக் காலில் மட்டும் வையுங்கள். ஈயம் உருகியதும் பிளேடு தானாக உள்ளே இறங்கும், கால் அரை மில்லிமீட்டர் எழும்பும். பலம் கொடுத்து நெம்பாதீர்கள், ஐசிக்குப் பக்கத்திலேயே கால் ஒடிந்துவிட்டால் அந்த மாட்யூலில் இந்த வேலை முடிந்தது.

இனிதான் விஷயம். எல்எம்2596-ல் அந்தக் கால் தலைகீழ்: லோ என்றால் ஓடும், ஹை என்றால் நிற்கும். எல்லை சுமார் 1.3 வோல்ட், அதனால் 3.3 வோல்ட் தாராளமாகப் போதும். ஆனால் காலைச் சும்மா விட்டாலும் ஓடும். இஎஸ்பி32 பூட் ஆகும்போதும், ஆழ்ந்த உறக்கத்தில் பின்னைப் பிடித்து வைக்கும்படி நீங்கள் சொல்லாவிட்டாலும், கன்வர்ட்டர் தானாக ஓட ஆரம்பித்துவிடும். உங்கள் லோடு மோட்டார் என்றால் யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு ரீசெட்டுக்கும் ஒரு உதறல்.

அதனால் 5-ஆவது காலிலிருந்து உள்ளீட்டு 12 வோல்ட்டுக்கு 100 கிலோஓம் போடுங்கள், அந்தக் கால் 25 வோல்ட் வரை தாங்கும். பிறகு அதே காலில் ஒரு பிசி547-ன் கலெக்டர், எமிட்டர் கிரவுண்டுக்கு, பேஸுக்கு இஎஸ்பி32-லிருந்து 10 கிலோஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோஓம். இப்போது யாரும் பிடிக்காதபோது ஆஃப், நீங்கள் ஹை கொடுத்தால் ஆன். தலைகீழும் நேராகிவிட்டது, 12 வோல்ட்டும் இஎஸ்பி32 பக்கம் எட்டிப் பார்க்காது. ஆஃபில் அந்த ஐசி சுமார் 80 மைக்ரோஆம்பியர் எடுக்கும். ஓடும்போது எடுக்கும் 5 மில்லிஆம்பியரோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல்.

எந்த ரெகுலேட்டர் வாங்கினாலும் டேட்டாஷீட்டில் அந்தக் காலின் திசையைப் பாருங்கள். எல்பி2985-ல் ஹை என்றால் ஆன். எல்எம்2941-ல் ஹை என்றால் ஆஃப். காலின் பெயரை வைத்து ஊகிக்கவே கூடாது.

வணக்கம். ஜிபிஎஸ் மாட்யூலுக்கு எல்பி2985 மூலம் 3.3 வோல்ட் கொடுக்கிறேன். வேலை முடிந்ததும் எனேபிள் காலை (ரெகுலேட்டரை ஆன் ஆஃப் செய்யும் கால்) லோ ஆக்கி நிறுத்துகிறேன். ஆனாலும் மாட்யூலில் இருக்கும் எல்இடி மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது, வெளியீட்டில் 1.9 வோல்ட் நிற்கிறது. ரெகுலேட்டரை மாற்றியும் பார்த்துவிட்டேன். ஏனென்று விளங்கவில்லை.
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

ரெகுலேட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. மின்சாரம் வருவது உங்கள் மைக்ரோகன்ட்ரோலரின் சீரியல் வயர் வழியாக.

சீரியல் தொடர்பில் டிஎக்ஸ் வயர் சும்மா இருக்கும்போது ஹை, அதாவது 3.3 வோல்ட். அது போய்ச் சேருவது ஜிபிஎஸ் ஐசியின் ஒரு உள்ளீட்டுக் கால். ஏறக்குறைய எல்லா ஐசியிலும் ஒவ்வொரு காலிலிருந்தும் சப்ளைக்கு ஒரு பாதுகாப்பு டையோடு உள்ளேயே இருக்கும், கைபட்டு வரும் ஸ்டாட்டிக்கைத் தாங்குவதற்காக. நீங்கள் சப்ளையை நிறுத்தியதும் அந்த டையோடு திறந்துகொள்கிறது, டிஎக்ஸ் வயரிலிருந்து கரண்ட் பின்வாசல் வழியாக மாட்யூல் முழுக்கப் பரவுகிறது. டையோடில் கொஞ்சம் போய், எல்இடி இழுத்ததில் கொஞ்சம் இறங்கி, மீதிதான் உங்கள் 1.9 வோல்ட். அந்த ஒரு வயரைக் கழற்றிப் பாருங்கள், எல்இடி உடனே செத்துவிடும்.

பேட்டரி வீணாவது ஒரு பக்கம். அதைவிடத் தொல்லை, அரை உயிரில் கிடக்கிற ஐசி முழுதாக ரீசெட் ஆவதில்லை, மறுபடி 3.3 வோல்ட் கொடுக்கும்போது சில தடவை விழித்துக்கொள்ளாமல் தொங்கிப்போய் நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை காரணமில்லாமல் ஹேங் ஆகிறது என்று வருகிற கடிதங்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

சரி, என்ன செய்வது? வரிசையை மாற்றுங்கள். முதலில் சீரியலை மூடுங்கள், பிறகு மாட்யூலுக்குப் போகும் ஒவ்வொரு பின்னையும் அவுட்புட் லோ ஆக்குங்கள், அதற்கப்புறம் எனேபிளை இறக்குங்கள். ஆன் செய்யும்போது நேர் எதிர்: முதலில் சப்ளை, சில மில்லிவினாடி பொறுத்து வயர்கள். மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் புல்அப் (பின்னை ஹை-க்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) போட்டிருந்தால் அதையும் அணைக்க வேண்டும். ஐ2சி (இரண்டு வயரில் பேசும்) சென்சார் என்றால் இரண்டு புல்அப் ரெசிஸ்டரும் எந்த சப்ளையில் தொங்குகின்றன என்று பாருங்கள். அவை எப்போதும் ஓடுகிற சப்ளையில் இருந்தால் அங்கேயும் இதே கதைதான், அணைகிற சப்ளைக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. ஜிபிஎஸ்ஸை முழுதாக அணைத்தால் அது செயற்கைக்கோள் விவரங்களை மறந்துவிடும், மறுபடி இடம் கண்டுபிடிக்கத் திறந்த வானத்தின் கீழேயே அரை நிமிடம் அளவு ஆகும். பேக்அப் காலுக்கு மட்டும் சப்ளையை விட்டு வைத்தால், அணைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தால், சில நொடியில் பிடித்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்புகிறீர்கள் என்றால் பேக்அப்பை விட்டு வைப்பதுதான் சிக்கனம்.

இஎஸ்பி32, ஒரு 2600 எம்ஏஎச் 18650 செல், ஏஎம்எஸ்1117. ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர்தான் என்கிறார்கள், எனக்கு மூன்று வாரத்தில் செல் காலி. ரெகுலேட்டரை எப்படி ஆஃப் செய்வது?
– ஒரு வாசகி, சென்னை

உங்களுக்கு ஆஃப் செய்யத் தேவையில்லை, மாற்றினால் போதும். ஏஎம்எஸ்1117 தனக்கென்று எடுப்பது சுமார் 5 மில்லிஆம்பியர். ஒரு நாளைக்கு 120, 2600-ஐ அதால் வகுத்தால் 21 நாள் சொச்சம். உங்கள் மூன்று வாரம் அப்படியே வந்துவிட்டது, பாருங்கள். போதாக்குறைக்கு அதற்கு உள்ளீடு வெளியீட்டைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் அதிகமாக வேண்டும், செல் பாதி இருக்கும்போதே 3.3 கிடைக்காது. எச்டி7833 போடுங்கள், சில மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும், 500 மில்லிஆம்பியர் கொடுக்கும், வைஃபை ஏறுகிற நொடிக்காகப் பக்கத்தில் ஒரு 470 மைக்ரோஃபாரட் வையுங்கள். போர்டில் இருக்கும் பவர் எல்இடியையும் எடுத்துவிடுங்கள். யூஎஸ்பி ஐசியும் கொஞ்சம் இழுக்கும், வெறும் மாட்யூலுக்கு மாறினால் அதுவும் மிச்சம்.

பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகளோடு ஒரு கருவி செய்கிறோம். பட்டனை அழுத்தினால் ஆன் ஆக வேண்டும், வேலை முடிந்ததும் மைக்ரோகன்ட்ரோலர் தன் ரெகுலேட்டரைத் தானே அணைத்துக்கொள்ள வேண்டும். முடியுமா?
– ஓர் ஆசிரியை, மதுரை

முடியும் டீச்சர், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க அருமையான சர்க்யூட் இது. எல்பி2985 மாதிரி ஹை-க்கு ஆன் ஆகிற ரெகுலேட்டரை எடுங்கள். எனேபிள் காலை 100 கிலோஓம் வைத்து கிரவுண்டுக்கு இழுத்து வையுங்கள். அந்தக் காலுக்கு இரண்டு 1என்4148 டையோடு வழியாக இரண்டு பாதை: ஒன்று பேட்டரியிலிருந்து பட்டன் வழியாக, இன்னொன்று மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு பின்னிலிருந்து. விரல் பட்டனை அழுத்துகிறது, ரெகுலேட்டர் ஓடுகிறது, மைக்ரோகன்ட்ரோலர் விழிக்கிறது, புரோகிராமின் முதல் வரியிலேயே அந்தப் பின்னை ஹை ஆக்குகிறது. இனி விரலை எடுக்கலாம், தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும். வேலை முடிந்ததும் பின்னை லோ ஆக்கினால் அந்த வரியோடு அணைந்துவிடும். சில ஆர்டுயினோ பூட்லோடர்களில் முதல் வரிக்கு வரவே ஒரு நொடிக்கு மேல் ஆகலாம், அதுவரை பிள்ளைகள் விரலை எடுக்கக் கூடாது. பூட்லோடர் இல்லாமல் ஏற்றினால் தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும். டையோடுகளை விட்டுவிடாதீர்கள், அவை இல்லாவிட்டால் பட்டன் அழுத்தும்போது பேட்டரி வோல்ட்டேஜ் நேராகப் பின்னுக்குள் ஏறிவிடும்.

அணைந்த பிறகு அதனால் தானாக எழ முடியாது, எழுப்ப வெளியே ஒருவர் விழித்திருக்க வேண்டும். டிஎஸ்3231 கடிகாரம் அதற்கு நன்றாகப் பொருந்தும். பட்டன் செல்லில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அலாரம் நேரம் வந்ததும் அதன் ஒரு கால் லோ-வுக்கு இறங்கும், ஒற்றை லித்தியம் செல் என்றால் அதையே பி-சானல் மாஸ்பெட்டின் கேட்டுக்குக் கொடுக்கலாம். எனக்கு இதில் பிடித்தது: அலாரம் கொடியை (அலாரம் அடித்ததைக் குறித்து வைக்கும் பிட்) நீங்கள் அழிக்கும்வரை அந்தக் கால் லோ-விலேயே நிற்கும். ஆக, அடுத்த அலாரத்தை வைத்துவிட்டுக் கொடியை அழிப்பதுதான் அணைக்கிற கட்டளை. நேரம் முக்கியமில்லை, அவ்வப்போது எழுந்தால் போதும் என்றால் டிபிஎல்5110 டைமர் இருக்கிறது, 2 மணி நேரம் வரை வைக்கலாம், எடுப்பது 35 நானோஆம்பியர்.

மாஸ்பெட்டை ஆன் செய்கிற நொடியில் மைக்ரோகன்ட்ரோலரே ரீசெட் ஆகிறது. லோடு பக்கம் 1000 மைக்ரோஃபாரட் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே 5 வோல்ட்.
– ஒரு வாசகர், சேலம்

அந்தக் கெபாசிட்டர் காலிக் குடம். ஒரு மில்லிவினாடியில் 5 வோல்ட்டுக்கு நிரப்ப வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேட்கும், 50 மில்லிவினாடியில் நிரப்பினால் 0.1 ஆம்பியர்தான். கதவை மெதுவாகத் திறங்கள்: மாஸ்பெட்டின் கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவே 100 நானோஃபாரட்டில் ஆரம்பித்துப் பாருங்கள். கேட்டை இறக்கும் பாதையில் பத்துக் கிலோஓமாவது இருக்க வேண்டும், நேராக இறக்கினால் இந்தக் கெபாசிட்டர் பயன்படாது.

எம்டி3608 பூஸ்ட் மாட்யூலில் (வோல்ட்டேஜை ஏற்றிக் கொடுக்கும் கன்வர்ட்டர்) எனேபிளை லோ ஆக்கினேன், வெளியீடு பூஜ்யம் ஆகவில்லை, பேட்டரி வோல்ட்டேஜ் வருகிறது.
– ஒரு வாசகர், திருச்சி

அது அப்படித்தான். பூஸ்ட் கன்வர்ட்டரில் உள்ளீட்டிலிருந்து காயில், டையோடு வழியாக வெளியீட்டுக்கு நேர்வழி இருக்கிறது, ஐசி உறங்கினாலும் அந்த வழி மூடாது. உள்ளீட்டில் பி-சானல் மாஸ்பெட் போடுங்கள், தேனி வாசகருக்குச் சொன்னதுதான். ஒற்றை லித்தியம் செல் என்றால் 47 கிலோஓம் வேண்டாம், அங்கே 1 கிலோஓம் போதும், மாஸ்பெட்டும் ஏஓ3401 மாதிரி குறைந்த வோல்ட்டேஜில் திறப்பதாக இருக்கட்டும்.

மைக்ரோஆம்பியர் அளக்க என் மீட்டரில் வசதி இல்லை. நிஜமாக அணைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

மில்லிவோல்ட் அளக்கத் தெரிந்த மீட்டர் போதும். பேட்டரி பிளஸ் வயரை வெட்டி நடுவே 1 கிலோஓம் ரெசிஸ்டரை வையுங்கள், அதன் இரண்டு முனையையும் ஒரு வயரால் சேர்த்து வையுங்கள். அந்த வயர் இல்லாமல் ஆன் செய்தால், விழிக்கும்போது இழுக்கிற கரண்டுக்கு ரெசிஸ்டரிலேயே எல்லா வோல்ட்டும் இறங்கி, கருவி பூட்டே ஆகாது. ஆன் செய்து, வேலை முடிந்து உறங்கும்வரை காத்திருங்கள். பிறகு வயரை உருவிவிட்டு ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் மீட்டரை வையுங்கள். ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மைக்ரோஆம்பியர், 80 காட்டினால் 80. ஆயிரக்கணக்கில் காட்டினால் எங்கோ ஒரு கதவு திறந்தே இருக்கிறது, ஒவ்வொரு வயராகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள், எண் சட்டென்று விழுகிற வயர்தான் ஆள். உங்களுக்கு வந்த எண்ணையும், எந்த ரெகுலேட்டர் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.